ஒரே லேசரில் 200 கிகாபிட்: 1924-லேயே கணக்குப் போட்டு வைத்த ஹாரி நைக்விஸ்ட் யார்?

ஏஐ சாட்பாட்டிடம் ஒரு கேள்வி கேட்கிறீர்கள். ரெண்டு செகண்டில் பதில் வந்துவிடுகிறது. அந்த ரெண்டு செகண்டுக்குள் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் பல சிப்கள் தங்களுக்குள் பேசி முடித்திருக்கும். அந்த மாடலைப் பயிற்றுவித்த நாட்களில் பேசிக்கொண்ட சிப்கள் ஆயிரக்கணக்கில். ஒரு ரேக்கிலிருந்து இன்னொரு ரேக்குக்கு, ஒரு ஹாலிலிருந்து அடுத்த ஹாலுக்கு அவை பேசுவது ஒளியில். முடி போன்ற மெல்லிய கண்ணாடி இழைக்குள் லேசர் ஒளி போகிறது. அவ்வளவுதான்.

சிப்கள் வேகமாகிக்கொண்டே போகின்றன, இழையும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். இதற்கு ரெண்டு வழி உண்டு. ஒன்று, லேசர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது. 2010-ல் வந்த 100 கிகாபிட் ஈதர்நெட் அப்படித்தான் செய்தது: நான்கு லேசர், நான்கு அலைநீளம், ஒவ்வொன்றிலும் 25 கிகாபிட். இன்னொன்று, ஒரே லேசரை, ஒரே அலைநீளத்தை இன்னும் வேகமாக வேலை வாங்குவது. டேட்டா சென்டர்காரர்களுக்குப் பிடித்தது இந்த ரெண்டாவது வழிதான். லேசர் குறைந்தால் பாகங்கள் குறையும், பழுது குறையும், ஒரு பிட்டுக்கு ஆகும் செலவும் குறையும். லட்சக்கணக்கில் மாட்யூல் வாங்குகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அப்படி ஒரே அலைநீளத்தில் 25, பிறகு 50, பிறகு 100, இப்போது 200 கிகாபிட் என்று ஏறி வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் இன்ஜினியர்கள் ஒரே சுவரில்தான் போய் முட்டிக்கொள்கிறார்கள். அந்தச் சுவர் எங்கே இருக்கிறது, எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் கொஞ்சம் வளையும் என்று முதலில் அளந்து எழுதியவர் ஹாரி நைக்விஸ்ட். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும். நைக்விஸ்ட் ரேட், நைக்விஸ்ட் பிளாட், நைக்விஸ்ட் நாய்ஸ் என்று செமஸ்டருக்கு ஒன்றாவது வந்து பயமுறுத்தியிருக்கும். ஆள் யார் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

பெயரே தபால் குழப்பத்தில் வந்தது

1889 பிப்ரவரி 7-ம் தேதி, ஸ்வீடனின் வேர்ம்லாந்து பகுதியில் நில்ஸ்பி என்ற கிராமத்தில் பிறந்தார் ஹாரி. வீட்டில் எட்டுப் பிள்ளைகள். அப்பாவின் பெயர் லார்ஸ் யோன்சன். நம்ம ஊரில் ஒரே தெருவில் நாலு முருகன் இருப்பதுபோல, பக்கத்திலேயே இன்னொரு லார்ஸ் யோன்சன் இருந்தார். இவர் கடிதம் அவருக்குப் போகும், அவர் கடிதம் இவருக்கு வரும். தொல்லை தாங்காமல் அப்பா தன் பெயரோடு நைக்விஸ்ட் என்று சேர்த்துக்கொண்டார். தகவல் சரியான ஆளுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக வந்த பெயர் அது. பிறகு மகன் வாழ்நாள் முழுக்க செய்த வேலையும் அதுதான் என்பது தற்செயல்தான், ஆனால் சொல்லாமல் விட மனசு வரவில்லை.

பையன் நன்றாகப் படித்தான். ஆசிரியராக வரலாம் என்று பள்ளியில் சொன்னார்கள். அதற்கு மேலே படிக்கணும், அதற்குப் பணம் வேணும். வீட்டில் அது இல்லை. அமெரிக்கா போனால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்ற பேச்சு அப்போது ஸ்வீடனின் கிராமங்களில் பரவலாக இருந்தது. ஹாரி ஒரு கெமிக்கல் தொழிற்சாலையின் கட்டுமானத்தில் கூலி வேலைக்குப் போய், சில வருஷம் காசு சேர்த்து, 1907-ல் கப்பல் ஏறினார். அப்போது வயது 18.

1912-ல்தான் வடக்கு டகோட்டா பல்கலைக்கழகத்தில் சேர முடிந்தது. எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்கில் 1914-ல் இளங்கலை, 1915-ல் முதுகலை. அங்கிருந்து யேல். 1917-ல் இயற்பியலில் முனைவர் பட்டம். கப்பல் ஏறிய பத்தாவது வருஷம் டாக்டர் நைக்விஸ்ட். அதே வருஷம் அமெரிக்காவின் தொலைபேசி ராட்சசனான ஏடி அண்ட் டி நிறுவனத்தில் வேலை.

ஆசிரியர் ஆக வேண்டும் என்று கிளம்பியவர் ஆசிரியர் ஆகவே இல்லை. அடுத்த 37 வருஷம் அந்த ஒரே கூடாரம்தான். 1934-ல் அவர் இருந்த பிரிவு பெல் லேப்ஸோடு இணைந்தபோது பலகை மாறியது, வேலை மாறவில்லை.

தந்திக் கம்பியில் எவ்வளவு அனுப்பலாம்?

1920-களில் தந்தி ஒரு பெரிய பிசினஸ். கம்பி போடுவதும், கடலுக்கு அடியில் கேபிள் இழுப்பதும் மகா செலவு. அதனால் இருக்கிற கம்பியிலேயே இன்னும் எவ்வளவு அடைக்கலாம் என்பதுதான் கம்பெனிகளின் கேள்வி. இன்றைய டேட்டா சென்டர் கேட்கும் கேள்வியும் கிட்டத்தட்ட அதே.

அதுவரை இதற்கு வந்த பதில்கள் பெரும்பாலும் அனுபவத்திலிருந்து வந்தவை. இந்தக் கருவி நன்றாக ஓடுது, அந்தக் கோடு நன்றாக இருக்கு என்பதுபோல. நைக்விஸ்ட் 1924-ல் தந்தி வேகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் கருவிகளை ஓரமாக வைத்துவிட்டு, வேகத்தைத் தீர்மானிப்பது எது என்று மட்டும் பார்த்தார். அவர் கணக்கில் ரெண்டு திருகு நின்றது.

முதல் திருகு, ஒரு செகண்டில் எத்தனை முறை சிக்னலை மாற்றுகிறீர்கள் என்பது. ரெண்டாவது, ஒவ்வொரு முறையும் எத்தனை விதமான அளவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது.

ரெண்டாவதுதான் சுவாரசியம். வீட்டில் சாதாரண சுவிட்ச் இருந்தால் ஆன், ஆஃப் என்று ரெண்டே நிலை. அதையே ஃபேன் ரெகுலேட்டராக மாற்றினால் நாலு நிலை கிடைக்கும். ஒருமுறை சுவிட்ச் தட்டினால் ஒரு பிட் சொல்லலாம். ஒருமுறை ரெகுலேட்டரைத் திருப்பினால் ரெண்டு பிட் சொல்லலாம்: 00, 01, 10, 11. கையின் வேகம் அதேதான், தகவல் டபுள்.

அப்படியானால் எட்டு நிலை வைத்தால் நாலு மடங்கா? இல்லை. மூணு பிட்தான். பதினாறு வைத்தால் நாலு. நிலைகளை இரட்டிப்பாக்கும்போதெல்லாம் ஒரே ஒரு பிட்தான் கூடுகிறது. இந்த மடக்கை உறவை நைக்விஸ்ட் சமன்பாடாகவே எழுதி வைத்தார். நிலைகளை இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது, குறுக்கீடும் மின்சக்தியின் எல்லையும் தடுக்கும் என்பதையும் கூடவே சொல்லியிருந்தார். பிட் என்ற சொல்லே அப்போது கிடையாது. அது வர இன்னும் கால் நூற்றாண்டு இருந்தது.

நாலு நிலை என்ற யோசனை அவர் கண்டுபிடித்ததல்ல. 1874-லேயே எடிசன் ஒரே கம்பியில் மின்னோட்டத்தின் திசை, வலிமை ரெண்டையும் தனித்தனியாக மாற்றி, ஒரே திசையில் ரெண்டு தந்திகளைச் சேர்த்து அனுப்பிக் காட்டியிருந்தார். எதிர்த்திசையிலும் ரெண்டு, ஆக மொத்தம் நாலு. நைக்விஸ்ட் செய்தது, அந்த மாதிரி தந்திரங்களால் எவ்வளவு லாபம், எங்கே லாபம் தேய்ந்துபோகும் என்று கணக்காக்கியது. கைவித்தையாக இருந்ததை வரம்பாக மாற்றினார் என்று சொல்லலாம். என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வேலை.

93 வருஷம் கழித்து ஃபைபருக்கு வந்த ரெகுலேட்டர்

இப்போது டேட்டா சென்டருக்கு வருவோம். ஒளி இழை பிசினஸ் பல காலம் வெறும் ஆன்-ஆஃப்பில்தான் ஓடியது. லேசர் எரிந்தால் ஒன்று, மங்கினால் பூஜ்ஜியம். தொலைபேசிக் கம்பிகளில் ஐஎஸ்டிஎன், மோடம் எல்லாம் பல நிலை சிக்னல்களைப் பழகித் தேய்த்த பிறகும் ஒளிக்காரர்கள் அந்தப் பக்கம் போகவில்லை. அவசியம் இல்லை, அவ்வளவுதான். இழையில் இடம் தாராளம், முதல் திருகையே திருப்பிக்கொண்டு போகலாம்.

25 கிகாபிட் தாண்டியபோது முதல் திருகு இறுக ஆரம்பித்தது. பிரச்சினை இழையில் இல்லை. லேசர் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் மாடுலேட்டர், அதை இயக்கும் மின்சுற்று, மறுமுனையில் ஒளியை மின்சாரமாக மாற்றும் போட்டோடயோடு, இவையெல்லாம் அந்த வேகத்துக்கு மாற வேண்டுமே! அப்போதுதான் ரெண்டாவது திருகில் கை வைத்தார்கள். 2017-ல் வந்த ஐஇஇஇ-யின் 400 கிகாபிட் ஈதர்நெட் தரம் நான்கு நிலை ஒளியை ஏற்றுக்கொண்டது. இதற்குப் பெயர் பேம்-4. லேசர் ஒளிக்கு இப்போது நாலு பிரகாசம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு அலைநீளத்தில் 100 கிகாபிட் அனுப்பும் இணைப்பில் ஒளி ஒரு செகண்டுக்கு 5,312 கோடியே 50 லட்சம் முறை தன் நிலையை மாற்றலாம். ஒவ்வொரு முறையும் ரெண்டு பிட். பெருக்கினால் 106.25 கிகாபிட். 100-க்கு மேல் இருக்கும் அந்த 6.25 எதற்கு என்று கீழே சொல்கிறேன். ஒரு நிலை நீடிப்பது சுமார் 19 பிக்கோசெகண்ட். அந்த நேரத்தில் கண்ணாடிக்குள் ஒளி நகர்வது நாலு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதாவது அரை கிலோமீட்டர் இழைக்குள் ஒரே சமயத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஒளித் துண்டுகள் வரிசை கட்டி ஓடிக்கொண்டிருக்கும். 200 கிகாபிட்டில் இந்தத் துண்டின் நீளம் ரெண்டு மில்லிமீட்டருக்குக் கீழே போய்விடுகிறது.

கல்யாண மண்டப எதிரொலி

எதிரொலிக்கிற கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்தவர் வேகமாகப் பேசினால் என்ன ஆகும்? முதல் சொல்லின் வால் அடங்குவதற்குள் அடுத்த சொல் வந்து மோதும். யார் பெயர் சொன்னார்கள், மொய் எவ்வளவு என்று ஒன்றும் புரியாது. கம்பியிலும் அதே கதைதான். ஒரு துடிப்பு போகும் வழியில் அகன்று, பக்கத்துத் துடிப்பின் மேல் வழியும்.

1928-ல் நைக்விஸ்ட் எழுதிய அடுத்த தந்திக் கட்டுரை இதைப் பற்றியது. ஒரு வழித்தடத்தின் பட்டை அகலம் இவ்வளவு என்றால், அதில் ஒன்றையொன்று கெடுக்காமல் ஒரு செகண்டில் அனுப்பக்கூடிய துடிப்புகள் அதிகபட்சம் அதைப்போல் ரெண்டு மடங்கு. அதற்கு மேல் போனால் குழம்பியே தீரும். இதைவிட நல்ல செய்தி ஒன்றும் அதில் இருந்தது. துடிப்பு வழியாமல் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வழியட்டும். பக்கத்துத் துடிப்பை நாம் அளந்து பார்க்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும் வழிந்தது பூஜ்ஜியமாக இருந்தால் போதும். இந்த நிபந்தனையைத்தான் இன்றும் நைக்விஸ்ட் நிபந்தனை என்கிறார்கள்.

இதை இன்றைய மாட்யூலில் பொருத்தினால் கையில் நிற்கும் எண் கிடைக்கும். 53.125 கிகாபாட் வேகத்துக்குக் குறைந்தது 26.6 கிகாஹெர்ட்ஸ் பட்டை அகலம் வேண்டும். 200 கிகாபிட் இணைப்புக்கு வேகம் 106.25 கிகாபாட் என்று வைத்தால், 53 கிகாஹெர்ட்ஸுக்கு மேல். இது கணிதத்தின் அடிமட்டம், பேரம் பேச முடியாது. மாடுலேட்டர், டிரைவர், போட்டோடயோடு, அவற்றை இணைக்கும் மில்லிமீட்டர் கம்பி வரைக்கும் அத்தனையும் இதைத் தாண்ட வேண்டும். ஒன்று சறுக்கினாலும் துடிப்புகள் வழியும். அதைத் துடைத்துச் சரிசெய்யத்தான் மாட்யூலுக்குள் ஒரு சிக்னல் பிராசஸர் சிப் உட்கார்ந்திருக்கிறது. மாட்யூல் சூடாவதற்கு அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இன்னொன்று. சாம்ப்ளிங் தேற்றம் என்று நாம் படித்தது நைக்விஸ்ட் நேரடியாக எழுதியதல்ல. அவர் சொன்னது எத்தனை துடிப்பு அனுப்பலாம் என்பது. ஒரு அலையை எத்தனை முறை அளந்தால் முழுசாக மீட்கலாம் என்பது அதன் மறுபக்கம். சோவியத் ரஷ்யாவின் கொடெல்னிகோவ் 1933-லும், கிளாட் ஷானன் 1940-களிலும் அதைச் சொன்னார்கள். பெயர் மட்டும் இவருக்கும் சேர்த்துப் போனது.

ஒரே பாதையில் வந்த ரெண்டு பேர்

அலுவலகத்தில் நைக்விஸ்டுக்கு ஒரு சகா. பெயர் ஜான் ஜான்சன். இவரும் ஸ்வீடனில் பிறந்தவர். இவரும் சின்ன வயதில் அமெரிக்கா வந்தவர். இவரும் வடக்கு டகோட்டா, பிறகு யேல், 1917-ல் முனைவர் பட்டம். சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம்.

ஜான்சன் 1920-களின் நடுவில் ஒரு விசித்திரத்தை அளந்துகொண்டிருந்தார். பேட்டரி இல்லை, சிக்னல் இல்லை, சும்மா மேஜையில் இருக்கும் ரெசிஸ்டரின் ரெண்டு முனைகளை ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கிறது. எந்தப் பொருளில் செய்தாலும் கேட்கிறது. சூடாக்கினால் கூடுகிறது. தயாரிப்புக் கோளாறு என்று சொல்லவும் வழியில்லை.

விஷயத்தை நைக்விஸ்டிடம் கொண்டுபோனார். நைக்விஸ்ட் மனசுக்குள் ஒரு சோதனை செய்து பார்த்தார். ஒரே வெப்பநிலையில் ரெண்டு ரெசிஸ்டர், நடுவில் சக்தியை வீணாக்காத நீளமான கம்பி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எவ்வளவு சக்தி போகிறதோ அவ்வளவு திரும்பி வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒன்று தானாகச் சூடாகும், மற்றது குளிரும். இயற்கை அதை அனுமதிக்காது. இந்த ஒரு சமநிலையிலிருந்தே இரைச்சலின் அளவை வரவழைத்துவிட்டார். எலெக்ட்ரான் எப்படி ஆடுகிறது என்ற நுணுக்கமே தேவைப்படவில்லை. 1928-ல் ஜான்சனின் அளவீடும் நைக்விஸ்டின் விளக்கமும் ஒரே இதழில் அடுத்தடுத்து வந்தன.

இதன் சாரம் கொஞ்சம் கொடூரமானது. வெப்பம் இருக்கும்வரை இரைச்சல் இருக்கும். நீங்கள் எவ்வளவு அகலமான பட்டையைத் திறக்கிறீர்களோ, அவ்வளவு இரைச்சல் உள்ளே வரும். அதாவது முதல் திருகைத் திருப்பி வேகத்தை இரட்டிப்பாக்கினால், இரைச்சலின் சக்தியும் இரட்டிப்பாகிறது.

சரி, ரெண்டாவது திருகு? நாலு நிலை என்றால் நடுவில் மூணு இடைவெளி. லேசரின் மொத்தப் பிரகாசம் கூடவில்லை, ஆகவே ஒவ்வொரு இடைவெளியும் முன்பிருந்ததில் மூன்றில் ஒன்று. எட்டு நிலைக்குப் போனால் ஏழில் ஒன்று. அந்தச் சின்ன இடைவெளிக்குள் இரைச்சல் துள்ளினால், ரிசீவர் 2-ஐ 3 என்று படித்துவிடும். ரெண்டு திருகில் எதைத் தொட்டாலும் இரைச்சலுக்கு வாடகை கொடுத்தாக வேண்டும்.

பேம்-4 இணைப்புகள் இந்த வாடகையை வேறு வழியில் கட்டுகின்றன. தப்பு வரும் என்று ஒப்புக்கொண்டே அனுப்புவது. பத்தாயிரம் பிட்டுக்கு ரெண்டு பிட் வரை தப்பாக வரலாம் என்று தரமே அனுமதிக்கிறது. அதைச் சரிசெய்ய, 514 குறியீடுகள் அனுப்பும்போது கூடுதலாக 30 சேர்த்து 544-ஆக அனுப்புவார்கள். அதில் 15 வரை கெட்டுப்போனாலும் மறுமுனை தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ளும். மேலே சொன்ன 106.25-ல் மிச்சம் இருந்ததில் பெரும்பகுதி இந்தக் காப்பீட்டுக்குத்தான் போகிறது. ஆன்-ஆஃப் காலத்து இன்ஜினியர் ஒருவர் இந்தத் தப்பு விகிதத்தைப் பார்த்தால் கேபிளைப் பிடுங்கியிருப்பார்.

மைக் ஏன் கீ...ன்னு கத்துது?

நைக்விஸ்டின் இன்னொரு பெரிய வேலைக்கும் கோயில் திருவிழா மைக்குக்கும் சம்பந்தம் உண்டு. ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய், ஆம்ப்ளிஃபயரில் பெருகி, மறுபடி ஸ்பீக்கரில் வந்து, மறுபடி மைக்குக்குள் போய்... காது கிழியும். இதுதான் ஃபீட்பேக்.

1927-ல் ஹரால்ட் பிளாக் என்ற இன்ஜினியர், நியூயார்க்குக்கு வேலைக்குப் போகும் படகில் இருந்தபடியே, கையிலிருந்த செய்தித்தாளின் மேல் ஒரு யோசனையை வரைந்தார். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் ஒரு பகுதியைத் தலைகீழாக்கி உள்ளே கொடுத்தால், அது தன் தவறுகளைத் தானே திருத்திக்கொள்ளும். நாடு முழுக்க தொலைபேசிக் கம்பி இழுப்பவர்களுக்கு இது வரம். ஆனால் சில சமயம் அந்த ஆம்ப்ளிஃபயர் திருவிழா மைக் மாதிரி தானே பாட ஆரம்பித்துவிடும். எப்போது பாடும், எப்போது பாடாது என்பதை யாராலும் நம்பிக்கையாகச் சொல்ல முடியவில்லை.

1932-ல் நைக்விஸ்ட் சொன்னார். ஆம்ப்ளிஃபயரின் நடத்தையை எல்லா அதிர்வெண்ணிலும் அளந்து ஒரு வளைகோடாக வரையுங்கள். ஒரு குறிப்பிட்ட புள்ளியை அந்தக் கோடு சுற்றிக்கொள்கிறதா என்று பாருங்கள். வழக்கமான ஆம்ப்ளிஃபயரில் சுற்றினால் பாடும். சுற்றாவிட்டால் நிம்மதி. விமானத்தின் ஆட்டோபைலட் முதல் ரோபோ வரை கட்டுப்பாட்டுப் பொறியியலில் இன்றும் இது பாலபாடம். இன்றைய ஒளி மாட்யூலின் ரிசீவரில், போட்டோடயோடிலிருந்து வரும் நுண்ணிய மின்னோட்டத்தைப் பெருக்கும் முதல் ஆம்ப்ளிஃபயரும் ஃபீட்பேக் வைத்துதான் ஓடுகிறது. அதை வடிவமைப்பவருக்கு ஒரு கையில் 1928-ன் இரைச்சல், மறு கையில் 1932-ன் வளைகோடு.

லஞ்சுக்கு யாரோடு போனீங்க?

பெல் லேப்ஸில் ஒரு கதை உண்டு. அங்கிருந்த காப்புரிமை வக்கீல்கள், சிலர் மட்டும் மற்றவர்களைவிட அதிகமாகக் கண்டுபிடிப்புகளைக் கொண்டுவருவது ஏன் என்று ஆராய்ந்தார்களாம். படிப்பு, துறை, வயது எதிலும் ஒற்றுமை இல்லை. ஒரே ஒரு ஒற்றுமை: அவர்களில் பலர் நைக்விஸ்டோடு சேர்ந்து சாப்பிடுகிறவர்கள். அவர் யாருக்கும் ஐடியா கொடுக்கவில்லை. நல்ல கேள்வி கேட்பார், எதிரில் இருப்பவரைப் பேசவைப்பார். அவ்வளவுதான். ஆசிரியர் வேலை அந்தச் சாப்பாட்டு மேஜையில் நடந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் பெயரிலேயே 138 அமெரிக்கக் காப்புரிமைகள். வெளியிட்ட கட்டுரைகள் டஜன் கணக்குதான். நிறைய எழுதியவர் இல்லை, எழுதினால் அதோடு அந்த விஷயம் முடிந்தது. 1924-ல் கிளீவ்லாந்திலிருந்து நியூயார்க்குக்குத் தொலைபேசிக் கம்பியில் போட்டோ அனுப்பிக் காட்டியபோது, அந்தத் தொழில்நுட்பத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1948-ல் ஷானன் தகவல் கோட்பாட்டை எழுதியபோது, முதல் பக்கத்திலேயே அடித்தளம் என்று காட்டிய பெயர்கள் ரெண்டு: நைக்விஸ்ட், ஹார்ட்லி.

1954-ல் ஓய்வு பெற்றார். 1960-ல் அமெரிக்க ரேடியோ பொறியாளர்களின் உயரிய கௌரவப் பதக்கம் வந்தது. ஷானனைப் போல அவர் மேதைக் கதைகளின் நாயகனாக ஆகவில்லை. ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டியதாகவோ, எலிப் பொம்மை செய்ததாகவோ எந்த வேடிக்கையும் இவரைப் பற்றி இல்லை. ஊடகத்துக்கு அது ஒரு குறைதான், இந்தக் கட்டுரைக்கும் சேர்த்து.

இப்போது எங்கே நிற்கிறோம்?

200 கிகாபிட் லேன் வந்ததும் ஒரு மாட்யூலுக்குள் எட்டு லேன் வைத்து 1.6 டெராபிட் என்கிறார்கள். அதையே 100 கிகாபிட் லேன்களில் செய்தால் பதினாறு வேண்டும். ஒரே அலைநீளத்தை வேகமாக்குவதன் லாபம் இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

அடுத்தது 400. இங்கேதான் 1924-ன் ரெண்டு திருகும் மறுபடி மேஜைக்கு வருகின்றன. நாலு நிலையிலேயே நின்று வேகத்தை இரட்டிப்பாக்கினால் பட்டை அகலம் 100 கிகாஹெர்ட்ஸைத் தாண்டியாக வேண்டும், இரைச்சலும் இன்னொரு மடங்கு ஏறும். ஆறு அல்லது எட்டு நிலைக்குப் போனால் பட்டை அகலம் மிச்சமாகும், இடைவெளி சுருங்கும். எதில் போவது என்று இன்ஜினியர்கள் பக்கம் பிரிந்து வாதிடுகிறார்கள். பிரகாசத்தோடு ஒளியலையின் கட்டத்தையும் சேர்த்துப் பயன்படுத்தும் கோஹரென்ட் முறை மூன்றாவது கட்சி. நெடுந்தூர இணைப்புகளில் அது ஏற்கனவே ஆட்சியில் இருக்கிறது. டேட்டா சென்டருக்குள் அதன் விலையும் மின்செலவும் தடையாக நிற்கின்றன.

நைக்விஸ்ட் 1976 ஏப்ரல் 4-ம் தேதி, டெக்சாஸின் ஹார்லிங்கனில் இறந்தார். வயது 87. அதே வருஷம் அட்லாண்டாவில் பெல் லேப்ஸ்காரர்கள் ஒளி இழை கேபிளைக் குழாய்க்குள் இழுத்து, அதில் லேசரைப் பாய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு இழைக்கு 44.7 மெகாபிட். இன்றைய 200 கிகாபிட் லேன் அதைவிட நாலாயிரம் மடங்குக்கு மேல். அந்த அட்லாண்டா ஒளிக்கு நிலைகள் ரெண்டுதான், ஆன், ஆஃப்.